டீ டைமும் ராகு காலமும்

ஈப்போவில் நான்கு பேர் சேர்ந்து கோல்ஃப் ஆடினால் ஐந்தாவதாக ஒரு கேப்டன் முளைத்துவிடுவார். பந்தை நேராக அடிப்பதால் வந்த பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அடித்த பந்து நேராகப் போய்ப் பார்த்தவர் பேரா மாநிலத்திலேயே கிடையாது. அறை பதிவு செய்வார், பணம் வசூலிப்பார், யார் காரில் யார் ஏறுவது என்று தீர்ப்புச் சொல்வார். மற்ற யாருக்கும் அந்த வேலை பிடிக்காததால் அவர் கேப்டன். அவருக்கோ அதைத் தவிர வேறெதுவும் பிடிக்காது.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியராகவோ வங்கி அதிகாரியாகவோ இருப்பார். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, கக்கத்தில் நீளமான கணக்குப் புத்தகம். மாமாக் கடையில் உட்கார்ந்ததும் சீனி போடாத தே ஓ கோசோங் சொல்வார். சீனியைக் குறைத்துவிட்ட தைரியத்தில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிடுவார்.

பிறந்தது பெரும்பாலும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமாக இருக்கும். துரைமார் கிளப்பில் ஒன்பது குழி மைதானம் இருந்த காலம். துரை பந்தை அடிப்பார். தோட்டத்துப் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள், புல்லுக்குள் ஒளிந்த பந்தைத் தேடிக் கொடுப்பார்கள். கேப்டன் அங்கே இரண்டு வித்தை கற்றார். ஒன்று, பந்து எங்கே விழும் என்று ஊகிப்பது. மற்றது, துரை திட்டும்போது காது கேட்காத மாதிரி நிற்பது. பின்னாளில் ராமையா, குணசேகரன் என்று தமிழ்ப் பெயர்கள் மலேசியத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வரிசையில் ஏறியபோது, தாமும் அங்கே நின்றிருக்க வேண்டியவர்தான் என்று கேப்டன் நம்பினார். குறுக்கே நின்றது பந்து மட்டுமே.

இந்த முறை பயணம் டாமாய் லாவுட்டுக்கு என்று முடிவாயிற்று. லுமுட் வட்டாரத்தில், காட்டு மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் 18 குழி மைதானம். போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குக் கேப்டன் நான்கு மாதத்துக்கு முன்பே முதல் கூட்டம் கூட்டிவிட்டார்.

தேதி குறிப்பதற்கே அந்தக் கூட்டம் சரியாகப் போயிற்று. தைப்பூசத்தை ஒட்டி விரதம். புரட்டாசியில் பாதிப் பேர் சைவம், மீதிப் பேர் வீட்டில் மட்டும் சைவம். பள்ளி விடுமுறையில் அறை வாடகை எகிறும். எல்லாவற்றையும் அடித்துத் தள்ளிவிட்டுக் கேப்டன் ஒரு திங்கட்கிழமையில் விரலை வைத்து, டீ டைமையும், அதாவது முதல் பந்தை அடிக்கும் நேரத்தையும், சொன்னார்.

"வார நாள். கட்டணம் குறைவு. டீ டைம் காலை ஏழு ஐம்பது."

"திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம் அண்ணே," என்றார் முன்னாள் தபால்காரர்.

"அதெல்லாம் ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற ஊருக்கு. இங்க ஏழு மணிக்குத்தானே விடியுது? எட்டரை பத்துன்னு வச்சுக்க," என்றார் கணக்கு வாத்தியார்.

"1982-ல கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளுனாங்களே சார், அந்த அரை மணி ராகுவுக்குத் தெரியுமா?"

இதற்கு யாரிடமும் பதில் இல்லை. கேப்டன் புத்தகத்தைத் திறந்து மூன்று பத்தி போட்டார்: பஞ்சாங்க ராகு, சூரியோதய ராகு, அரசாங்க ராகு. கால் மணி நேரம் கூட்டிக் கழித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஏழு இருபதுக்கே முதல் பந்தை அடிச்சிருவோம். ராகு வர்றதுக்குள்ள பந்து காட்டுக்குள்ள போயிருக்கும்."

"ராகு வராட்டியும் நம்ம பந்து அங்கதான் போவுது கேப்டன்."

அடுத்தது முன்பணம். தலைக்கு 100 வெள்ளி, கார்பன் தாள் வைத்த ரசீது. கைப்பேசியில் அனுப்புகிறோமே, ரசீது எதற்கு என்று எவராவது கேட்டால் தொலைந்தார்; கேப்டன் தோட்டக் கதையை எடுத்துவிடுவார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகளே தோட்டம் வாங்கட்டும் என்று அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி எடுத்து வைத்துப் பங்கு சேர்ந்தார்கள். "எங்கப்பா கட்டுன பத்து வெள்ளிக்கு ரசீது இன்னும் இரும்புப் பெட்டியில இருக்கு. ரசீது இல்லாத காசு ஆத்துல போட்ட காசு," என்பார் கேப்டன். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது?

அறை ஒதுக்கீட்டுக்குத் தனிப் பக்கம். அதில் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி இருந்தால் குறட்டை, இரண்டு புள்ளி இருந்தால் கடும் குறட்டை. இரட்டைப் புள்ளிக்காரர்களை ஒரே அறையில் போட்டு, அந்த அறையை நடைபாதைக் கோடியில் கேட்டு வாங்குவார். ஹேண்டிகேப்புக்கு இன்னொரு பக்கம். பலவீனமான ஆட்டக்காரருக்குச் சலுகையாகச் சில அடிகளைக் கழித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. 2020-இல் வந்த உலக முறையில் 54 வரை போகலாம் என்றானதும் எங்கள் கூட்டத்தில் திடீரென்று எல்லாரும் பலவீனமாகிவிட்டார்கள்.

"போன தடவை 54 சொல்லிட்டு மூணு பரிசு தூக்கிட்டுப் போனீங்களே?"

"அது அதிர்ஷ்டம் கேப்டன்."

"அப்ப அந்த அதிர்ஷ்டத்துக்கும் பத்து கழிச்சுக்கிறேன்."

பிளாஸ்டிக் உறை போட்ட நிகழ்ச்சி நிரல் எல்லார் கையிலும் வந்து சேர்ந்தது. முதல் வரி: காலை 5.00, பிரட்டு. தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அதே பிரட்டுதான். கேப்டன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கார் விளக்கு வெளிச்சத்தில் பதினாறு பெயரையும் வாசித்தார். எதிரிலேயே நிற்கிற ஆளும் கை தூக்க வேண்டும். தாமதமாக வந்தவரை மேலும் கீழும் பார்த்து ஒரு கோடு கிழித்தார். அப்பாவெல்லாம் பெயர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நின்ற வரிசை அது. துரையின் மட்டை கைக்கு வந்துவிட்டதில் கேப்டனுக்கு அப்படியொன்றும் பெருமை இல்லை. பெயர் கூப்பிட்ட தோட்டக் கிராணியின் புத்தகம் கைக்கு வந்ததுதான் அவருக்குப் பட்டாபிஷேகம்.

விதிப்படி பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. பலகாரத்துக்கு அப்படி விதி இல்லை. புந்தோங் கச்சாங் பூத்தே கிராமத்தில் வாங்கிய வறுத்த கடலை, முறுக்கு, மரவள்ளிச் சீவல் எல்லாம் பக்கி வண்டியில் ஏறிய பிறகு கேப்டனுக்கு உட்கார இடமில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடற்காற்று ஒரு பக்கம் தள்ளியது, மலைச்சரிவு மறுபக்கம் இழுத்தது. இரண்டுக்கும் கட்டுப்படாமல் எங்கள் பந்துகள் மூன்றாவது பக்கம் போயின. தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடந்தான். கேப்டன் பழைய ஐந்து நிமிடத்தையே கொடுத்தார்; ஓய்வு பெற்றவர்களுக்குப் பழைய சம்பளத் திட்டம்தான் பொருந்துமாம். பதினொன்றாவது குழியில் ஒரு குரங்கு பக்கியில் ஏறி, முறுக்கை ஒதுக்கிவிட்டுக் கடலைப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கியது. விரட்ட ஓடியவர்களைக் கேப்டன் தடுத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து எழுதினார்: "குரங்கு வகையில், 6 வெள்ளி." இடி முழங்கி அபாயச் சங்கு ஊதியபோது எல்லாரும் ஓடினார்கள். கேப்டன் முகத்தில் மட்டும் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு மலர்ச்சி. மழைக்கென்று தனி நிகழ்ச்சி நிரல் போட்டு வைத்திருந்தார்.

ஊர் திரும்பி ஒரு வாரத்தில் கணக்கு ஒப்படைப்புக் கூட்டம். செலவு போக உபரி 7 வெள்ளி 40 காசு. "கேப்டனே வச்சுக்குங்க," என்று எல்லாரும் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. பதினாறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 46 காசும் கால் காசும். கடையில் 2008-லிருந்து ஐந்து காசுக்குக் குறைந்து கொடுக்கல் வாங்கல் இல்லை. 45 காசு வீதம் கொடுத்தால் 20 காசு மிஞ்சும். அதைக் கோயில் உண்டியலில் போடுவதா, அடுத்த பயணக் கணக்கில் வரவு வைப்பதா என்று ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. உண்டியல் ஒரு வாக்கில் ஜெயித்தது.

எழுந்திருக்கும் நேரத்தில் மாமாக் கடைப் பையன் பில்லைக் கொண்டுவந்து வைத்தான். தேநீரும் ரொட்டி சானாயும் சேர்த்து 58 வெள்ளி. எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் மறுபடி உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, புதுப் பக்கத்தைப் புரட்டித் தலைப்பு எழுதினார்: "உபரி குறித்த கூட்டம், செலவுக் கணக்கு. முன்பணம் தலைக்கு 4 வெள்ளி."