பெட்டி வேட்டை

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டுச்சாலையில், ஷிஃப்ட் மாறும் வேளையில் சற்று நேரம் நின்று பார்க்கிறவர்களுக்கு, இந்த உலகத்தில் எந்தச் சாமானும் வழிதவறிப் போக முடியாது என்ற திடநம்பிக்கை தானாகவே உண்டாகிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷம் சான்ட்ரோ கார் வெளிவரத் தொடங்கிய நாள் முதல், 2010-இல் ரெனோ-நிஸ்ஸான், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடத்தில் ஆலைகள் எழும்பிய காலம் வரையில், இந்த வட்டாரத்து ஜனங்கள் கற்றுத் தேர்ந்த பிரதான வித்தை, கேட்ட சாமானைக் கேட்ட நிமிஷத்தில் கேட்ட இடத்தில் கொண்டுபோய் வைப்பதேயாகும். லைனில் அடுத்து வரப்போவது வெள்ளைக் காரா சிவப்புக் காரா என்ற சேதி சீட்டுத் தைக்கும் கம்பெனிக்குப் போக, அவர்கள் அந்த வரிசையை அப்படியே திருப்பி, கடைசியில் இறங்க வேண்டிய சீட்டை முதலில் லாரியில் ஏற்றி, கூட்டுச்சாலை நெரிசலையெல்லாம் கடந்து கொண்டுபோய் இறக்குவார்கள். வெள்ளைக் காருக்கு உரிய சீட்டு வெள்ளைக் காருக்கே போய்ச் சேரும். எங்கோ ஒரு போல்ட்டு கழன்றுவிட்டதென்று புகார் வந்தால், அது எந்த லாட், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்த உலையில் உருகிய இரும்பு என்று அரை மணிக்குள் அதன் ஜாதகத்தையே எடுத்து மேஜைமேல் வைக்கக்கூடிய மகான்கள் எங்களிடையே உண்டு.

இத்தகைய புண்ணிய க்ஷேத்திரத்தில் உத்தியோகம் பார்க்கிற ஒருவன், மீனம்பாக்கத்தில் ஒரு பெட்டியை ஒப்படைத்துவிட்டு, பூமியின் மறுபக்கத்தில் இறங்கிக் கையை நீட்டினால் அது கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விமான நிலையங்களின் பெட்டிக் கணக்கை வைத்திருக்கும் சீட்டா என்ற ஸ்தாபனம் 2023-ஆம் வருஷத்துக்குச் சொன்ன கணக்கு வேறு: ஆயிரம் பிரயாணிகளுக்கு 6.9 பெட்டிகள் சரியாகப் போய்ச் சேரவில்லை. கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாஷையில் பத்து லட்சத்துக்கு இத்தனை பழுது என்று, அதாவது பி.பி.எம். கணக்கில், பெருக்கிப் பார்த்தால் அது 6,900. ஐம்பது பி.பி.எம். பழுது காட்டிய வெண்டரை நிற்கவைத்துப் பேசுகிற ஊர் இது; 6,900 என்று ஒருவன் சொன்னால் அவனுடைய லாரியைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அந்தப் பெட்டிகளிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவை, 46 சதவிகிதம், ஒரு விமானத்திலிருந்து இறங்கி மறு விமானத்துக்கு மாறும் இடத்தில்தான் வழிதவறுகின்றனவாம். கூட்டுச்சாலையில் பஸ் மாறி ஏறிப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் சிப்காட் தொழிற்பேட்டைக்காரர்களுக்குப் பெட்டி என்பது வெறும் துணிப் பெட்டியும் அல்ல. கப்பலில் வாரக்கணக்காக மிதந்து வரவேண்டிய சாமான் வருவதற்குள் லைன் நின்றுவிடும் என்ற அபாயச் சங்கு ஊதினால், யாராவது ஒருவனை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பி, அந்தச் சாமானைப் பெட்டியில் போட்டு எடுத்துவரச் செய்வது இங்கே சர்வசாதாரணம். இதற்கு 'ஹேண்ட் கேரி' என்று பெயர். காலாவதியாகாத விசா ஒன்று பாஸ்போர்ட்டில் இருந்துவிட்டால், அந்த இளைஞனுக்கு இன்ஜினீயரிங் ஞானம் உண்டா என்று அதன்பிறகு யாரும் விசாரிப்பதில்லை.

நான் புறப்பட்டது அவ்வளவு அவசரமான காரியத்துக்காக அல்ல. ஜெர்மனியில் உள்ள ஒரு வாடிக்கைக் கம்பெனியில் அளந்து பார்ப்பதற்காக, துத்தநாகப் பூச்சுப் பூசிய பிராக்கெட்டு சாம்பிள்கள் ஏறக்குறைய எட்டுக் கிலோ என் பெட்டியின் அடிப்பாகத்தில் இருந்தன; அவற்றின்மேல் என் துணிமணிகள்; துணிமணிகளுக்கு நடுவில், பரதேசத்தில் நான் பட்டினி கிடந்து உயிர்விடக் கூடாதென்ற பரம கருணையினால் வீட்டில் வைத்த பருப்புப் பொடியும், ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும். பெட்டி கறுப்பு. அடையாளத்துக்காகக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. சென்னையிலிருந்து புறப்படுகிற கறுப்புப் பெட்டிகளில் சிவப்பு ரிப்பன் கட்டாத பெட்டி ஏதேனும் இருந்தால், அதுவே தனி அடையாளமாக விளங்கும் என்பது வேறு விஷயம்.

வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, ஞாயிற்றுக்கிழமை காலை ஜெர்மனியில் இறங்கினேன். பெட்டிகளைச் சுமந்து சுற்றும் ரப்பர் பெல்ட்டின் அருகில் நின்றிருந்த கூட்டம், ஒவ்வொருவராகத் தத்தம் உடைமையைத் தூக்கிக்கொண்டு கலைந்து சென்றது. கடைசியில், 'மேல் பக்கம்' என்று தமிழில் எழுதி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி மட்டும், தலைகீழாக, வெறிச்சோடிய மாடவீதியில் வலம் வரும் உற்சவ மூர்த்தியைப் போல, சாவதானமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பெல்ட் நின்றது. அப்பொழுது மனத்தில் உதித்த எண்ணத்தை எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லாமலே அறிவார்கள்: லைன் நின்றுவிட்டது.

தொலைந்த சாமான்களுக்கான கவுண்டரில் இருந்த அம்மையார், பிளாஸ்டிக் உறை போட்ட படத்தாள் ஒன்றை என் முன்னே விரித்தார். உலகத்தில் உள்ள பெட்டிகளின் ஜாதி பேதங்கள் அனைத்தும், ஜிப்பு வைத்தது, சக்கரம் வைத்தது, பக்கவாட்டில் பிடி உள்ளது என்று, நம்பரிட்டு அதில் சித்திரிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் நிறப் பட்டியல். நான் கறுப்பைத் தொட்டேன். அவர் அனுதாபத்துடன் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில், அன்று காலை முதல் கறுப்பைத் தொட்டவர்கள் அத்தனை பேருடைய துயரமும் அடங்கியிருந்தது. பிறகு, பெட்டியில் இருப்பவற்றில் விசேஷமான பொருள் ஏதேனும் உண்டா என்று வினவினார். "இரும்பு" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வரிசையில் எனக்கு அடுத்தபடியாக நின்றவர், முழங்கால் வரை உயர்ந்த தடித்த தோல் காலணியுடன் விமானம் ஏறி வந்திருந்த ஒரு முதியவர். தென்னாப்பிரிக்காவில் வேட்டையாடிவிட்டு அதே வளைகுடா நகரத்தின் வழியாகத் திரும்புகிறவர். அவருடைய துப்பாக்கி வந்துவிட்டது, கால்சட்டைகள் வரவில்லை. போகும்போதும் இதே கதைதானாம். துப்பாக்கிக்குப் பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டி. தோட்டாக்கள் தனி, அவையும் ஐந்து கிலோவுக்கு மேற்படக் கூடாது. போகிற தேசத்தில் இறங்கியதும் போலீஸார் நம்பரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையிலேயே கொடுப்பார்கள். இவ்வாறாக, உயிரை வாங்கக்கூடிய சாமான் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுகிறது. மானத்தைக் காக்கக்கூடிய சாமான் வழியில் நின்றுவிடுகிறது.

"காலணி மட்டும் எப்பொழுதும் காலிலேயே இருக்க வேண்டும்" என்று அவர் உபதேசித்தார். "முகாமில் துப்பாக்கியைக்கூட வாடகைக்குக் கொடுப்பார்கள். துணியைத் தினமும் துவைத்துக் கொடுப்பார்கள். பழகிய காலணியை எவன் கொடுப்பான்?" பின்னர், நான் எதை இழந்தேன் என்று கேட்டார். எட்டுக் கிலோ இரும்பு என்று சொன்னதும், ஏதோ பெரிய மிருகம் கைநழுவிப் போய்விட்டது என்ற பாவனையில் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வேட்டைக்கும் பெட்டிக்கும் நம் தேசத்தில் சட்டபூர்வமான ஒரு சம்பந்தம் இருப்பது அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. புலியையும் மானையும் சுடலாகாதென்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய அதே 1972-ஆம் வருஷத்தில்தான், ஆகாய மார்க்கமாக ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்வது பற்றிய சட்டத்தையும் நமது பார்லிமெண்டு நிறைவேற்றியது. ஒரு வேட்டையை நிறுத்திய கையோடு மற்றொன்றுக்கு விதிகளை வகுத்து வைத்த தீர்க்கதரிசனத்தை என்னவென்று புகழ்வது! அந்தப் பழைய சட்டம் 1929-ஆம் வருஷத்து வார்ஸா உடன்படிக்கையை ஒட்டியது. அதன்படி தொலைந்த பெட்டிக்கு நஷ்டஈடு எடைக் கணக்கில்தான். மதிப்பை முன்கூட்டியே சொல்லிக் கூடுதல் கட்டணம் செலுத்தாத பட்சத்தில், ஒரு கிலோ காஞ்சிபுரம் பட்டும் ஒரு கிலோ ஒரகடத்து இரும்பும் அந்தச் சட்டத்தின் சன்னிதியில் சரிசமானம். இரண்டு ஊருக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். விலையில் உள்ள தூரத்தை அந்தச் சட்டம் ஒரே வரியில் கடந்துவிட்டது. இரும்பு சுமக்கிறவர்களுக்கு அது பொற்காலம். 2009-இல் நாம் மான்ட்ரியால் உடன்படிக்கையில் சேர்ந்த பிறகு எடைக் கணக்கு ஒழிந்து, தலைக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு வந்தது. 2024 டிசம்பர் முதல் அது சர்வதேச நிதியத்தின் கணக்குப் பணத்தில் 1,519, அதாவது சுமார் இரண்டாயிரம் டாலர். அதுவும் நஷ்டத்தை நிரூபித்தால்தான். பெட்டி 21 நாளைக்குள் வராவிட்டால்தான் அது தொலைந்ததாகப் பொருள். அதுவரையில் அது தாமதித்துக்கொண்டிருக்கிறது என்று பெட்டிக்காரன் தன்னைத் தேற்றிக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளில் ரொட்டி கிடைக்கும், பூங்கொத்து கிடைக்கும், பனியன் கிடைக்காது. விமானக் கம்பெனியார் தர்மமாகக் கொடுத்த சிறு பையில் ஒரு பல் துலக்கியும், கடுகளவு பற்பசையும், எல்லா உடம்புக்கும் பொருந்தும்படி தைத்ததால் எந்த உடம்புக்கும் பொருந்தாத வெள்ளைச் சட்டை ஒன்றும் இருந்தன. திங்கட்கிழமை காலை நான் வந்த கோலத்தைக் கண்ட வாடிக்கைக் கம்பெனியார், மரியாதையாக ஒன்றும் கேளாமல், தங்கள் ஸ்டோரிலிருந்து சாம்பல் நிற மேலங்கி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்கள். அதன் மார்பில் யாரோ ஒருவருடைய பெயர் நூலால் தைக்கப்பட்டிருந்தது. அதன் விளைவாக, நடைபாதையில் எதிர்ப்பட்ட ஒருவர் என்னிடம் ஃபோர்க்லிஃப்டின் சாவியைக் கேட்டார். மற்றொருவர், மிகுந்த கோபத்துடன், எனக்கு விளங்காத ஏதோ ஒரு காரியத்தை ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று வினவினார். ஒரகடத்தில் இத்தனை வருஷ காலமாக நானும் பிறரை அவ்வாறே கேட்டு வந்திருப்பதால், பதில் சொல்லும் முறை எனக்குத் தெரிந்திருந்தது. "நாளைக்கு" என்றேன். திருப்தியுடன் போய்விட்டார்.

சாம்பிள் இல்லாதபடியால் கூட்டம் மிகவும் சௌஜன்யமாக நடந்தேறியது. துளை தள்ளியிருக்கிறது, வளைவு பிசகியிருக்கிறது என்று குறை சொல்வதற்குக் கண்ணெதிரில் ஒரு பொருளும் இல்லை. வரைபடத்தில் எங்கள் பிராக்கெட்டு அப்பழுக்கற்று விளங்கியது. எங்கள் கம்பெனி சரித்திரத்தில் வாடிக்கைக்காரர் இவ்வளவு புன்னகை புரிந்து நான் கண்டதில்லை.

ஊரிலிருந்துதான் நிம்மதி கெட்டது. "என்னப்பா, பெட்டி வந்துதா?" என்று எங்கள் மேனேஜர் காலையிலும் மாலையிலும் கேட்டார், பெட்டிக்காரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்கு அவருக்கு அவகாசம் வாய்க்கவில்லை. வீட்டில் கேட்ட கேள்வி இன்னும் நுட்பமானது. "ஏங்க, பாட்டில் மூடிமேல டேப் ஒட்டித்தான் வெச்சேன். ஊறுகாய் இரும்புமேல கொட்டியிருக்காதே?" கேள்வி ஊறுகாயைப் பற்றிய விசாரமா, இரும்பைப் பற்றிய விசாரமா என்று நான் ஆராயவில்லை. இந்தச் சந்தேகத்தை மேனேஜரிடம் தெரிவித்தபோது தொலைபேசியில் நெடுநேரம் மௌனம் நிலவியது.

நான் ஊர் திரும்பிய பிறகுதான் பெட்டி, என் ஹோட்டலுக்குப் போய், நான் அங்கே இல்லையென்று கண்டு, என்னைப் பின்தொடர்ந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. பெற்றுக்கொள்ளப் போன இடத்தில், சுங்க அதிகாரி ஒருவர் பிராக்கெட்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த நாட்டுச் சரக்கு?"

"ஒரகடம் சார்."

"ஃபாரின்லேருந்துதானே வருது?"

"போயிட்டு வருது சார்."

அவர் சிரித்துவிட்டு, புறப்படும்போது எழுதிய காகிதத்தைப் பார்த்து விட்டுவிட்டார். ஆனால் டேப் தோற்றுவிட்டிருந்தது. எண்ணெய்க் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றியிருந்தவை தப்பின. ஓரத்தில் இருந்த ஒன்றின்மேல் நார்த்தங்காய் இறங்கி, துத்தநாகப் பூச்சு சாம்பல் பூத்ததுபோல் வெளிறிக் கிடந்தது. எங்கள் குவாலிட்டிப் பையன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வெள்ளைத் துரு சார்" என்றான். உப்புநீரைப் புகையாகத் தெளித்து மணிக்கணக்கில் பூச்சைச் சோதிக்கும் சால்ட் ஸ்பிரே டெஸ்டில் இந்தப் பிராக்கெட்டு முன்பே தேறியிருந்தது. "உப்பு மட்டும்னா தாங்கியிருக்கும். உப்பும் புளிப்பும் சேர்ந்த டெஸ்டை நம்ம பிராக்கெட்டுக்கு யாரும் கேக்கல சார்" என்று வருத்தத்துடன் தெரிவித்துவிட்டு, பாட்டிலில் எஞ்சியிருந்ததை மத்தியான்னச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

இனிமேல் இப்படி நேராதிருக்க என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பு எழுதித் தரும்படி எனக்கு உத்தரவாயிற்று. இரண்டு பேரை அனுப்பி, ஒருவன் துணியிலும் சாம்பிளிலும் பாதியை மற்றவன் பெட்டியில் மாற்றி வைப்பதே உத்தமம் என்று எழுதி, பக்கத்து ஊரில் அவதரித்த மகானையே பிரமாணமாகக் காட்டினேன். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெறுவதற்காகப் பதினெட்டு முறை நடந்த ராமாநுஜரை, தண்டும் பவித்திரமுமாக மட்டும் வரும்படி நம்பி சொல்லியனுப்ப, அவர் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்துக்கொண்டு போய், இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்று சொன்னதாக வைஷ்ணவ சம்பிரதாயம் கூறுகிறது. தன் காலால் தானே நடந்து வரக்கூடிய மூட்டைகளை மாத்திரம் எடுத்துச் சென்ற பிரயாணி சரித்திரத்தில் அவர் ஒருவரே என்றும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழில் செய்கிறவர்கள் அந்த மார்க்கத்தைப் பின்பற்றுவது பொருத்தம் என்றும் குறிப்பிட்டிருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு, மனம் உருகி, கையெழுத்திட்டு, அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பினார்.

அது மறுநாளே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி: "இரண்டாவது டிக்கெட்டுக்கு பட்ஜெட் இல்லை. திருக்கோஷ்டியூர் பயணத்துக்கு முன் அனுமதி பெறப்பட்டதா? பில் இணைக்கவும்."