பழிக்கு ஓர் ஆள்

கார் ஷோரூம்களில் இப்போது ‘லெவல் 2’ என்ற மந்திரம்தான் ஓதுகிறார்கள். காரே பிரேக் போடுமாம். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தானே ஸ்டியரிங்கைத் திருத்துமாம். எங்கள் ஊர் வண்டியூருக்குள் வந்து முதலில் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கட்டும்.

இந்த லெவல்களை வகுத்தது அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு. 2014இல் ஜே3016 என்ற ஆவணமாக வெளியிட்டது, 2021இல் திருத்தியது. பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு படி. பூஜ்யத்தில் கார் எச்சரிக்கும், மிஞ்சிப்போனால் ஒரு கணம் கைகொடுக்கும். ஒன்றில் ஸ்டியரிங், வேகம் இரண்டில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொள்ளும். நான்கில் குறித்த எல்லைக்குள் ஆளே தேவையில்லை. ஐந்தில் எல்லையும் இல்லை. அந்தக் கார் இன்னும் பிறக்கவில்லை.

சூது இரண்டாம் படியில்தான். ஸ்டியரிங்கும் வேகமும் காரிடம்; ஆனாலும் நீங்கள் கண் கொட்டாமல் காவல் இருக்க வேண்டும். மூன்றாம் படியில் கண்ணை எடுக்கலாம், கார் கூப்பிட்டால் மட்டும் பிடிக்க வேண்டும். 2022இல் ஜெர்மனியில் அதைக் கொண்டுவந்த மெர்சிடிஸ், நெடுஞ்சாலையில் மட்டும், அதுவும் மணிக்கு 60 கிலோமீட்டருக்குள் என்று அடக்கி வாசித்தது. டெஸ்லாவோ இரண்டாம் படிச் சரக்குக்கு ‘முழுத் தானோட்டம்’ என்று பெயர் சூட்டி விற்றது. ‘மேற்பார்வையுடன்’ என்ற வால் 2024இல்தான் முளைத்தது.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பே நகரில் ஊபரின் தானோட்டச் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளியபடி ரோட்டைக் கடந்த பெண்ணை அடித்துக் கொன்றது. 5.6 விநாடி முன்பே கருவி அவரைப் பார்த்துவிட்டது. வாகனம் என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது. மனுஷி என்று மட்டும் சொல்லவில்லை. கண்ட இடத்தில் குறுக்கே கடக்கும் ஜனம் என்று ஒன்று உண்டு என்பதையே அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டியூரிலோ அந்த ஜனத்தைத் தவிர வேறு ஜனமே கிடையாது! கம்பெனி மேல் கிரிமினல் வழக்கு இல்லை. சீட்டில் உட்கார்ந்து போன் பார்த்த ஊழியர்தான் 2023இல் குற்றவாளி ஆனார்.

பழியை ஓர் ஆள் தலையில் கட்டும் இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதா என்ன? டிரைவர்களின் பிழைப்பு போய்விடும், ஆளில்லாக் காரை விடமாட்டேன் என்று 2017இலிருந்து சொல்லிவருகிறார் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. நல்ல மனசு. டிரைவர் போய்விட்டால் பிறகு யாரைப் பிடித்து உள்ளே போடுவது? 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. கவனக்குறைவால் ஆளைக் கொன்ற டிரைவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. ரோட்டைக் கேடாகப் போட்டு ஆளைக் கொன்ற ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவில் என்ன தண்டனை தெரியுமா? அபராதம். அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். லோக்சபாவில் உட்கார்ந்து, யோசித்து, 2019இல் எழுதிச் சேர்த்த தொகை இது.

காருக்கு லெவல் போட்டது போதும். வண்டியூரில் போடும் ஒவ்வொரு ரோட்டிலும், போட்ட ஒப்பந்ததாரர் பெயரையும் பில்லில் கையெழுத்துப் போட்ட என்ஜினீயர் பெயரையும் பலகையில் எழுதி வையுங்கள். பள்ளத்தில் விழுந்து ஆள் செத்தால் எஃப்ஐஆரில் முதலில் அந்த இரண்டு பெயரும் ஏறட்டும். டிரைவர் பெயரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.