கன்னங்குறிச்சியா, அயோத்தியாப்பட்டணமா?

ஏற்காடு மலைக்கு மேலிருந்து வரும் கடிதங்களில் இப்போது காபி விலைக்கு அடுத்தபடி அதிகம் அடிபடுவது சேலத்தில் மனை வாங்கும் பேச்சுதான். மாரமங்கலத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் படித்து, கீழே வேலைக்கு இறங்கிய பிள்ளைகள் முதல் வீட்டுக்குப் பணம் சேர்த்துவருகிறார்கள். அவர்களுக்காகவே இந்த முறை முழுப் பக்கமும்.

கேள்வி: நானும் என் கணவரும் சேலத்தில் வேலை பார்க்கிறோம். வேலையும் வாடகை வீடும் அஸ்தம்பட்டி பக்கம். அப்பா அம்மா மாரமங்கலத்தில். முதல் வீட்டைக் கன்னங்குறிச்சியில் வாங்கலாமா, அயோத்தியாப்பட்டணத்திலா? ஒரே வரியில் சொல்லுங்கள். (மாரமங்கலத்து மகள்)

பதில்: ஒரே வரி: ராத்திரி பத்து மணிக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் எந்த ரோட்டில் மேலே ஏறுவீர்களோ, அந்த ரோட்டின் காலடியில் வாங்குங்கள்.

இனி பல வரி. உங்கள் மலைக்குச் சேலத்திலிருந்து இரண்டு வாசல். ஒன்று அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று போய் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பழைய பாதை. கன்னங்குறிச்சி இந்தப் பக்கத்து ஊர். இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர் போய், கொட்டச்சேடு வழியாக ஏறுவது. வீட்டுத் தரகர்கள் "சிட்டிக்கு எத்தனை நிமிஷம்" என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டிய கணக்கு ஊருக்கு எத்தனை நிமிஷம் என்பது. அதை அவர்கள் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஒரு ஞாயிறு மாலை இரண்டு ரோட்டிலும் நீங்களே போய்ப் பாருங்கள். சுற்றுலா வண்டிகள் இறங்கும் நேரத்தில் அடிவாரப் பாதை எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தையும் மனத்தில் வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். குப்பனூர் பாதையும் மண்சரிவு காணாத பாதையல்ல. ஒரு வாசல் அடைத்தால் மறு வாசலுக்கு எவ்வளவு சுற்றிப் போகவேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இருவர் வேலையும் அஸ்தம்பட்டி பக்கம் என்பதால் என் ஓட்டு கன்னங்குறிச்சிக்கு. மனை சிறிதானாலும் பரவாயில்லை. நாளைக்கு மகள் பிறந்து வளர்ந்தால், கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கிறது. வேலை வாழப்பாடியிலோ ஆத்தூரிலோ அரூரிலோ இருந்திருந்தால் யோசிக்காமல் அயோத்தியாப்பட்டணம் என்றிருப்பேன். உளுந்தூர்பேட்டைச் சாலையும் அரூர்ச் சாலையும் அங்கேதான் பிரிகின்றன. தினமும் நகரத்தைக் குறுக்கே கடந்து வேலைக்குப் போகிறவர், மலிவாக வாங்கிய மனைக்கு மீதி விலையைப் பெட்ரோலிலும் தூக்கத்திலும் கட்டிக்கொண்டிருப்பார்.

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்தில் ரயில் நிலையம் இருக்கிறதே, அது பெரிய வசதி இல்லையா?

பதில்: இருக்கிறது. சேலம்–விருத்தாசலம் பாதை 2007இல் அகலப்பாதையானது. ஆனால் தினசரி வேலைக்கு அந்த வண்டிகளை நம்ப முடியுமா என்பதை, மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் போய்வந்து தெரிந்துகொள்ளுங்கள். கால அட்டவணையைப் புரோக்கர் படித்துக் காட்டுவதும் நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பதும் வேறு வேறு.

கேள்வி: குப்பனூர் பக்கம் ஒரு மனை சல்லிசாக வருகிறது. "எட்டு வழிச்சாலை வந்தால் விலை எகிறும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தச் சாலை உங்கள் மனைக்குப் பக்கத்தில் வந்தால் விலை எகிறும். மனைக்கு மேலேயே வந்தால்? 2018இல் அறிவித்த 277 கிலோமீட்டர் சேலம்–சென்னைச் சாலைத் திட்டத்தில் குப்பனூர் பக்கத்து நிலங்களும் இருந்தன. அங்கே விவசாயிகள் கண்ணீரும் கோபமுமாகப் போராடினார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லும் என்றது. எனவே சல்லிசு என்று கேள்விப்பட்டதும் முதலில் கேட்கவேண்டியது சர்வே எண். அந்த எண் அறிவிக்கையில் இருக்கிறதா என்று நில எடுப்பு அலுவலகத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வருமா வராதா என்று தெரியாத ரோட்டை நம்பி முதல் வீடு வாங்கவேண்டாம். முதல் வீடு குடியிருக்க.

கேள்வி: கன்னங்குறிச்சியில் ஏரிக்கரை ஓரமாக ஒரு மனை. காற்று அள்ளிக்கொண்டு போகிறது. மலையும் தெரிகிறது. மனசு அங்கேயே நிற்கிறது.

பதில்: மனசு நிற்கட்டும், தண்ணீர் எங்கே நிற்கும் என்று பாருங்கள். சேர்வராயன் மலையில் பெய்வது ஓடைகளாக இறங்கித்தான் அடிவார ஏரிகள் நிரம்புகின்றன. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் ஊர்மக்கள் குழு ஒன்று கையில் எடுத்துத் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் எழுப்பி மரம் நட்டது. இன்று பறவைகள் வந்து தங்கும் அந்த ஏரி சேலத்துக்காரர்கள் பெருமைப்படவேண்டிய காரியம். ஏரி உயிரோடு இருந்தால் உங்கள் போரில் தண்ணீர் இருக்கும். ஆனால் அதே ஏரி நிரம்பி வழிகிற வழியில் உங்கள் வாசல் இருக்கக் கூடாது.

வழி ஒன்று சொல்கிறேன். மனைக்கான புல வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, எடுங்கள். இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் அதில் கோடாக இருக்கும். பக்கத்து சர்வே எண்கள் நீர்நிலைப் புறம்போக்கா என்று அ-பதிவேட்டில் பாருங்கள். பிறகு அந்தத் தெருவில் பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருவரிடம், ஐப்பசி மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார். அந்தக் கை உங்கள் முழங்காலுக்கு மேலே போனால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கோடையிலும் ஒருமுறை போங்கள். மேட்டூர்க் குடிநீர் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் எத்தனை அடி போட்டார்கள் என்று நாலு வீட்டில் கேளுங்கள். இரண்டு ஊருக்கும் இதே விதிதான். சித்திரையில் குடத்தோடு நிற்கிற தெருவில் ஆடியில் போய் மனை பார்ப்பது ஆபத்து.

கேள்வி: என்னிடம் காபியும் மிளகும் உண்டு. மாதச் சம்பளம் மனைவிக்கு மட்டும். இருபது லட்சம் கடன் வாங்கினால் தாங்குமா? (தோட்டக்காரர், மாரமங்கலம்)

பதில்: வங்கி மாதாமாதம் கேட்கும், காபி மார்கழி தையில்தான் கொடுக்கும். இதுதான் மலைக்காரர் கடனில் உள்ள சிக்கல். மாதத் தவணையை மனைவியின் சம்பளம் மட்டுமே தாங்குகிற அளவுக்கு வையுங்கள். காபிப் பணத்தைத் தவணைக்கென்று எழுதி வைக்காதீர்கள். ஒரு வருஷம் பூ உதிர்ந்தால் வீடு ஆடும்.

கணக்கைப் பாருங்கள். எட்டரை சதவீத வட்டியில் 20 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் மாதம் சுமார் 17,356 ரூபாய். கட்டி முடிக்கும்போது 41 லட்சத்து 65 ஆயிரம் கொடுத்திருப்பீர்கள். 15 வருடம் என்றால் மாதம் 19,695, மொத்தம் 35 லட்சத்து 45 ஆயிரம். மாதம் இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கூடக் கட்டினால் ஆறு லட்சம் மிச்சம். அவ்வளவு முடியாவிட்டால் 20 வருடக் கடனையே எடுங்கள். அறுவடை முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டுங்கள். அதிலேயே மூன்று வருடத்துக்கு மேல் குறைந்துவிடும். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2012ஆம் ஆண்டு உத்தரவு. மேனேஜர் முகம் சுளித்தாலும் கட்டுங்கள்.

கேள்வி: இருபத்தைந்து லட்சம் வீட்டுக்கு வங்கி 90 சதவீதம் தருமாம். அப்படியானால் கையில் இரண்டரை லட்சம் போதும்தானே?

பதில்: போதாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது இரண்டே கால் லட்சம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்தச் செலவை வங்கி கணக்கில் சேர்க்காது. கையில் நாலே முக்கால் லட்சமாவது இருக்கட்டும். அதற்கு மேல் மின் இணைப்பு, வக்கீல், பால் காய்ச்சுகிற செலவு.

மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. சலுகை இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்: முதல் மனை வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

கேள்வி: பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வட்டி மானியம் கிடைக்குமா?

பதில்: 2024 செப்டம்பரில் வந்த நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் பகுதியில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் ஐந்து தவணையாக அதிகபட்சம் 1.80 லட்சம். ஆனால் நாட்டில் எங்கேயும் உங்கள் குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டில் அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன்பெற்றிருக்கவும் கூடாது. மாரமங்கலத்தில் தொகுப்பு வீடு உங்கள் பெயரிலா, அப்பா பெயரிலா என்பதை முதலில் பாருங்கள். குடும்பம் என்று அவர்கள் எண்ணுவது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். மறைத்து எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஏஜெண்டை அன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மனை "அப்ரூவ்டு" என்றால் என்ன பார்க்கவேண்டும்?

பதில்: டி.டி.சி.பி., அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லா மனையை "பின்னால் வரன்முறை செய்துகொள்ளலாம்" என்றால் எழுந்துவிடுங்கள். முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா மூன்றிலும் ஒரே அளவு இருக்கவேண்டும். சென்ட் கணக்கில் பேசி சதுர அடியில் எழுதுவார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: நான் சேலத்துக்காரன். அடிவார விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாரமங்கலத்திலேயே நிலம் வாங்கி முதல் வீட்டைக் கட்டினால் என்ன?

பதில்: வேண்டாம் ஐயா. மலைக் கிராமங்களில் கட்டடத்துக்கும் மனைப் பிரிவுக்கும் தனி அனுமதி வேண்டும். 1990இல் அமைத்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் அதற்காகவே இருக்கிறது. சரிவை வெட்டிச் சமன் செய்தால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக்காரர் தலையில் மண் விழும். மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலமாக இருந்தால், அந்த உத்தரவின் நிபந்தனை பத்திரத்தையே செல்லாக்காசாக்கிவிடும். சேலத்தில் மூன்று சென்ட் கிடைக்கிறதென்று ஏக்கர்க் கணக்கில் மலை நிலத்தை விற்கப் போகிறவர்களுக்கும் இதே பதில்தான். கடன் வாங்கிச் சின்ன வீடு கட்டுங்கள், காட்டை விற்காதீர்கள்.

கேள்வி: மலையில் பிறந்தவள் நான். சேலத்து வெயிலுக்கு இரண்டில் எந்த ஊர் குளுமை?

பதில்: இரண்டுமே இல்லை, அம்மா. மேற்குச் சுவருக்கு நிழல் தரும் ஒரு வேப்பமரம் எந்த மனையில் நிற்கிறதோ அதை எடுங்கள். மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதிக்கப் பணம் ஒதுக்குங்கள். சித்திரை பிறந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஏறிவிடுங்கள்.