ஒலிபெருக்கிச் சித்தாந்தம்: பரபக்கமும் சுபக்கமும்

சித்தாந்த நூலார் பிறர் மதங்களைப் பரபக்கத்தில் எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டு, தம் மதத்தைச் சுபக்கத்தில் நிலைநாட்டுவார்கள். வீட்டு ஸ்டீரியோவுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்துவதில் மதங்கள் மலிந்துவிட்டபடியால், இங்கும் அம்முறையே கொள்ளப்படுகிறது. ஆய்வுக்களம் சென்னை ரிச்சி தெரு. ஆய்வுக்காலம், கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை.

முதலில் வாட்டுவாதம். அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணே இவர்களுக்கு வேதம். “ரெண்டாயிரம் வாட் சார், போட்டா வீடே அதிரும்” என்பது மகாவாக்கியம். எண்ணுக்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத் திறன்) என்று பொடி எழுத்தில் ஒரு மந்திரம் இருக்கும். அதே பெட்டியில் கிடக்கும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 24 வாட். 24 உள்ளே போய் 2000 வெளியே வருமானால் அந்தப் பெட்டி இருக்க வேண்டிய இடம் மேட்டூர் அணை, நம் வீட்டு ஹால் அல்ல.

மெய்யான வாட்டைச் சொல்லும் வாட்டுவாதியும் தப்ப முடியாது. வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல். ‘கொஞ்சம் ஏறியிருக்கிறதோ’ என்று காது சந்தேகப்படும் அளவுதான். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வாட் ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். ஆக, 50 வாட்டைத் தள்ளிவிட்டு 100 வாட் வாங்கியவர் கைக்காசு கொடுத்து வாங்கியது ஒரு சந்தேகத்தை. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியோ, அதாவது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் வரும் சத்தம், சத்தமே இல்லாமல் இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். 84 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து 90-க்கு மாறினால், அதே சத்தத்துக்குக் கால்பங்கு வாட் போதும். இந்த எண் பெட்டியின் மேல் வராது. உள்ளே இருக்கும் விவரத்தாளின் கடைசி வரியில் ஒளிந்திருக்கும். 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்ளிஃபையர் சேனலுக்கு வெறும் 20 வாட் என்று சொல்லிக்கொண்டே பெரிய ஸ்பீக்கர்களையும் பாடவைத்தது. வாட்டுவாதிகள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது ஓம்வாதம். ஸ்பீக்கரின் மின்தடையை ஆம்ப்ளிஃபையரோடு எட்டு ஓமுக்கு எட்டு, நாலுக்கு நாலு என்று பொருத்திவிட்டால் முடிந்தது என்பார்கள். பாதி உண்மை. ஸ்பீக்கரின் முதுகில் ‘8 ஓம்’ என்று எழுதியிருப்பது ஒரு மரியாதைக்கு. சுருதி மாற மாற அந்த எண்ணும் மாறும். எங்கோ ஒரு பேஸ் சுரத்தில் ஐந்துக்கும் கீழே இறங்கும், வேறொரு இடத்தில் இருபதுக்கு மேல் ஏறும். இறங்கும் இடத்தில் கரண்ட் தர முடியாத ஆம்ப்ளிஃபையர் அங்கேதான் மூச்சு வாங்கும். ஆனால் ஓம்வாதிகளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டினால் 4 ஓம், நான்கை மாட்டினால் 2 ஓம் என்று சொல்லித்தருபவர்கள் இவர்களே. கேளாமல் மாட்டியவர் வீட்டு ஆம்ப்ளிஃபையரின் மேல் தோசை வார்க்கலாம்.

இவ்விரு மதத்தாருக்கும் பொதுவான ஒரு மூடநம்பிக்கை உண்டு: 60 வாட் ஸ்பீக்கரை 100 வாட் ஆம்ப்ளிஃபையர் எரித்துவிடும் என்பது. நடைமுறையில் கீச்சுச் சுரங்களைப் பாடும் குட்டி ஸ்பீக்கர்களான ட்வீட்டர்களைக் கொல்வது பெரும்பாலும் சின்ன ஆம்ப்ளிஃபையரைக் கடைசி வரை திருகும் கைதான். சக்தி போதாமல் அலையின் உச்சி வெட்டுப்பட, அதில் பிறக்கும் கீச்சொலி முழுக்க ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளில் போய் இறங்கும்.

விலையுயர்ந்த ஸ்பீக்கர் கம்பியே ஒலியைத் திருத்தும் என்னும் கம்பிவாதம் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. விரிவாக மறுக்கத் தேவையில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் அதன் தடை சுமார் 0.07 ஓம். அந்தக் கம்பி சாதாரண எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும்.

இனி சுபக்கம். ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடு. ஆம்ப்ளிஃபையர் அதற்கு ஏவலாள். இரண்டுக்கும் மேலே அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 88 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு ஜோடிக்கு ஒரு வாட் கொடுத்தாலே, உட்கார்ந்த இடத்தில் 80 டெசிபெல்லை ஒட்டி வந்துவிடும். அடுக்குமாடியில் அந்த நேரத்தில் அழைப்புமணியும் அடிக்கும். தவில் அடி போன்ற திடீர் உச்சங்களுக்கு முப்பது, நாற்பது நல்ல வாட் இருந்தால் தாராளம். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடலாம்.

இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும், ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் இடது ஸ்பீக்கர் லாஃப்டிலும் வலது ஸ்பீக்கர் ஃபிரிட்ஜ் தலையிலும் இருக்கும். பாடகர் நடுவில் நிற்க முடியாமல் சமையலறைப் பக்கம் ஒதுங்குவார். மூலையில் செருகினால் பேஸ் ஊதும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லும். ஒரு ஜமக்காளமும் கனத்த திரைச்சீலையும் பத்தாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபையரைவிட அதிகம் சாதிக்கும்.

தடை: ஸ்டாண்டு வைக்க இடமில்லை, ஸ்டீல் பீரோவின் மேல் வைத்தால் என்ன?

விடை: இளையராஜாவின் பேஸ் கிட்டார் ஏதோ ஒரு சுரத்தைத் தொடும்போது பீரோவும் கூடப் பாடும். உள்ளே துணியை இறுக்கி அடுக்கினால் அடங்கும் என்று ஒரு கருதுகோள் உண்டு. அதைச் சோதிக்க பீரோ சாவி வேண்டும். அம்மாவிடம் விண்ணப்பித்திருக்கிறோம்.