ஒரு யூனிட்டு 233 ரூவா

மாப்பிள்ளே, இப்பிடி உக்காருங்க. ஃபேனை நிறுத்த வேண்டாம், ஓடட்டும். நான் பேச வந்ததே அதைப் பத்தித்தான்.

சித்திரை மாசத்துல மயிலாப்பூர்ல மஃப்ளர் கட்டிப் படுத்த ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன். கோவில்பட்டிப் பக்கம் மார்கழியில காட்டுக்காவலுக்குப் போறப்பக்கூட நான் அதைத் தேடுனதில்ல. பேரப்பிள்ளைக ரூம்ல ஏசி 18-ல நிக்குது. பிள்ளைக ரெண்டும் கம்பளிக்குள்ள சுருண்டு கெடக்கு. காசு குடுத்துக் குளிரை வாங்கி, அந்தக் குளிருக்குக் காசு குடுத்துக் கம்பளி வாங்குன குடும்பத்துல பொண்ணக் குடுத்திருக்கேன். பெருமைதான்.

கோவிச்சுக்கிடாதீக. நீங்க வாங்குனது அஞ்சு ஸ்டாரு. நானும்தானே உஸ்மான் ரோட்டுக்குக் கூட வந்தேன்? கடைக்காரத் தம்பி ஸ்டிக்கரைக் காட்டுனதும் நீங்க ஜோசியர் கட்டத்தைப் பாக்குற மாதிரி நட்சத்திரத்தை எண்ணுனீக. நான் அடியில இருந்த பொடி எழுத்தைப் பாத்தேன். எந்த வருசத்து ஸ்டிக்கருன்னு அதுலதான் போட்டிருப்பாக. 2022 ஜூலை 1-ந் தேதி அளவுகோலை ஏத்துனப்ப, மொத நாளு வரைக்கும் அஞ்சா இருந்தது மறுநாளு நாலு ஆச்சு. மாட்டுச்சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்காம மாடு வாங்குவமா?

அந்த ஸ்டிக்கர்ல இன்னொரு கணக்கும் இருக்கு. வருசத்துக்கு இத்தனை யூனிட்டுன்னு போட்டிருக்காகள்ல, அது வருசத்துல 1,600 மணி நேரம் ஓடும்னு வச்சுப் போட்டது. ராத்திரி எட்டு மணி நேரம்னா 200 ராத்திரி. மெட்ராஸ்ல 200 ராத்திரிதான் புழுங்குதா? போதாக்குறைக்கு, மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைக போடுற ரெண்டு மணி நேரத்தை எந்த ஸ்டிக்கர்ல ஒட்டுறது?

ரிமோட்டை ஒருநாள் உத்துப் பாத்தேன். ஸ்டார் ஒட்டுன ஏசி ஆரம்பத்துல 24-லதான் நிக்கணும்னு 2020 ஜனவரியில இருந்து சட்டமே இருக்கு. டெல்லிக்காரன் அவ்வளவு தூரத்துல இருந்து 24-ல வச்சுக் குடுக்கான். நம்ம ஆளுக ஆறு தடவை அமுக்கி 18-க்குக் கொண்டாந்துர்றாக. ஒரு டிகிரி கூட்டி வச்சா கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கரண்டு மிச்சம்னு டெல்லிக்காரனே சொல்றான். கட்டைவிரலு சும்மா இருந்தா காசு.

நேத்து நீங்க சிநேகிதர்கிட்ட போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கல. ஹால்ல நின்னு அப்பிடிக் கத்துனா அடையாறு வரைக்கும் கேக்கும். டெல்லியில பி.எஸ்.இ.எஸ். கம்பெனி பழைய ஏசியைக் குடுத்தா அஞ்சு ஸ்டாரைப் பாதி வெலைக்கும் கம்மியாத் தருதாமே, நம்ம இ.பி. ஏன் தரலைன்னு கேட்டீக. நியாயமான கேள்வி. ஆனா பாதி வெலைங்கிறது எம்.ஆர்.பி.யில பாதி. டி. நகர்ல எம்.ஆர்.பி.க்கு ஒரு பொருளை வாங்குனவனைக் காட்டுங்க, நான் ஒரு வேட்டி எடுத்துத் தாரேன்.

அந்தக் கம்பெனிக்காரன் தள்ளுபடி குடுக்கிறது ஜனங்க மேல உள்ள பாசத்துல இல்ல. கோடையில எல்லாரும் ஒரே நேரத்துல ஏசியைப் போட்டா, அந்த ரெண்டு மணி நேரத்துக்கு அவன் ஆன வெலை குதிரை வெலைக்குக் கரண்டு வாங்கணும். 2024 மே 2-ந் தேதி நம்ம தமிழ்நாட்டுக்கே ஒரு நேரத்துல 20,830 மெகாவாட்டு வேண்டியிருந்துச்சு. அமெரிக்காவுல சில கரண்டு கம்பெனி பழைய பிரிட்ஜை வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போய், மேல காசும் குடுக்கான். ஏன்னா புதுசு வாங்குனவன் பழசைக் கார் ஷெட்டுல வச்சு ஓட்டுவான்னு அவனுக்குத் தெரியும். நம்ம பால்கனியிலயும் ஒண்ணு ஓடுது, மாப்பிள்ளே. மல்லியப்பூவும் ரெண்டு எலுமிச்சம்பழமும் அதுக்குள்ள மகாராணியாட்டம் குடியிருக்கு. அதைத் தூக்க இங்க ஒருத்தரும் வரமாட்டாக. பழைய இரும்புக்காரனைத்தான் கூப்பிடணும்.

இ.பி. ஒண்ணும் தரலைங்கிறீகளா? அட்டையை எடுங்க. 2022 செப்டம்பர் மாசத்துப் பட்டியலை வச்சுச் சொல்றேன், அதுதான் எனக்கு மனப்பாடம். 2024 ஜூலையில இன்னும் ஏத்துனாக, ஆனா 500-ஐத் தாண்டுனா விழுற பள்ளம் அதே எடத்துலதான் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு மொத நூறு யூனிட்டு ஓசி, அது 2016-ல வந்தது. அடுத்த நூறு, யூனிட்டுக்கு 2.25. அதுக்கு மேல 400 வரைக்கும் 4.50, 500 வரைக்கும் 6. ஆக 500 யூனிட்டு ஓட்டுனா 1,725 ரூவா. ஒரே ஒரு யூனிட்டு கூடட்டும். அந்த 2.25 சலுகை பறிபோயிரும், அந்த நூறுக்கும் 4.50. அந்த ஒரு யூனிட்டுக்கு எட்டு ரூவா. பில்லு 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூவா குடுக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு, டெல்லிக்காரன் தள்ளுபடியை எண்ணிக்கிட்டு இருக்கீக.

போன தடவை உங்களுக்கு வந்தது 546. அந்தப் பட்டியல்படி 2,318. இப்ப தலைக்கு மேல பாருங்க. உங்க கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்த ஃபேனு. 75 வாட்டு திங்குது. இப்ப வர்ற பி.எல்.டி.சி. ஃபேனு 30 வாட்டுல அதே காத்தைத் தருது. நாளைக்கு 16 மணி நேரம் ஓடுனா, ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 43 யூனிட்டு மிச்சம். ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணு மாத்துங்க. 546 வந்த எடத்துல 460. பில்லு 1,485. ரெண்டு ஃபேனும் ஆறாயிரம் ஆகும்னு வைங்க. ஏழெட்டு பில்லுல வந்துரும். ஐப்பசி, கார்த்திகையில நீங்க 500-ஐத் தொடமாட்டீக, அப்ப மிச்சம் கொறையும். சரி, ரெண்டு வருசம்னு வச்சுக்கிடுங்க. மாமனார் குடுத்த ஃபேனை எப்பிடிக் கழட்டுறதுன்னு தயங்க வேண்டாம். அப்பவே அது கழிவுல வந்ததுதான்.

என்ன, கிழவன் ரொம்பத்தான் யோக்கியன் மாதிரி பேசுறானேன்னு பாக்குறீக. இல்ல. ஓசி கரண்டுல நானும் ஆடுனவன்தான். 1990-ல பம்புசெட்டுக்கெல்லாம் கரண்டு இலவசம்னாக. மோட்டாரைப் போட்டு விட்டுட்டு டீக்கடையில உக்காந்து அரசியல் பேசுவேன். வாய்க்கால் நெறஞ்சு பாதையில தண்ணி ஓடும். காசு இல்லாத கரண்டுன்னு பெரிய மோட்டாரா மாத்துனேன். கெணறு இன்னும் கீழ போச்சு. பெறகு போர் போட்டேன். கரண்டுக்கு ஒத்த ரூவா குடுக்கல, ஆனா போருக்கு ஒரு குறுக்கத்தை வித்தேன். அஞ்சு ஸ்டாரு வாங்கிட்டோம்ங்கிற தைரியத்துல நீங்க 18-ல வைக்கிறப்ப எனக்கு அந்த வாய்க்கால்தான் ஞாபகம் வருது.

மொட்டை மாடியில சோலார் போடலாம், மூணு கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 மானியம் தருதுன்னு மக சொன்னா. நல்ல திட்டம். ஆனா இந்த மாடி எட்டு வீட்டுக்கும் பொது. வடாம் காயப் போடவே மூணாவது வீட்டு மாமிகிட்ட உத்தரவு கேக்க வேண்டியிருக்கு. மொதல்ல அவுகளைச் சம்மதிக்க வைங்க.

அதுவரைக்கும் ஒரே ஒரு ஒத்தாசை செய்யுங்க. இன்னைக்கு ராத்திரி ரிமோட்டை எங்கிட்டக் குடுத்துருங்க, மாப்பிள்ளே. மஃப்ளரை மக தொவைக்கப் போட்டுட்டா.