'ஆனா'வை எங்க வைக்கிறது?

மருமோன், ஸ்பானிஷ் படிக்கிறீராம். பார்சலோனாப் பந்தாட்டம் பார்த்துப் பிடிச்ச பைத்தியம் எண்டு அக்கா சொன்னா. படியும். ஆனா வெள்ளவத்தையில இருக்கிறவன் முதல்ல ஆளைப் பற்றி வாய் திறக்கப் பழகோணும்.

அண்டைக்கு ஒரு பொம்பிளை வீட்டுக்காரர் அந்தக் கொட்டாஞ்சேனைப் பெடியனைப் பற்றி விசாரிச்சினம். நீர் என்ன சொன்னனீர்? "நல்ல பெடியன், ஆனா கொஞ்சம் கோபக்காரன்." போனை வைச்சிட்டினம். "கோபக்காரன்தான், ஆனா நல்ல பெடியன்" எண்டிருந்தா சாதகம் கேட்டிருப்பினம். முன்னால சொல்லுறது மரியாதைக்கு; 'ஆனா'வுக்குப் பின்னால வாறதைத்தான் பொம்பிளை வீடு காதில போடும்.

உம்மட ஸ்பானிஷ்காரர் விண்ணர். இதுக்கு ரெண்டு சொல் வைச்சிருக்கினம். ரெண்டும் உண்மையெண்டால் 'பெரோ': ஆள் கட்டை, பெரோ வடிவு. முதல் சொன்னதை இல்லையெண்டு தள்ளிப்போட்டு மற்றதை நிறுத்த 'சினோ': கஞ்சன் இல்லை, சினோ சிக்கனக்காரன். எங்களுக்கு அந்தச் சொல்லே தேவையில்லை. 'இல்லை' எண்டிட்டு ஒரு மூச்சு விட்டாக் காணும். காலி வீதித் தரகர்மார் அந்த மூச்சிலதானே சீவிக்கினம்! "வேலை இல்லாதவர் இல்லை... கனடாவுக்குப் பேப்பர் போட்டவர்." "வயசு போனவர் இல்லை... தங்கச்சிமாரைக் கரை சேர்த்தவர்."

பேப்பரில இந்தச் சோலியே இல்லை. வீரகேசரி 1930இல தொடங்கினது. அதில வாற 'மணமகள் தேவை'யில ஒரு 'ஆனா' காட்டும் பாப்பம். தன்ர குறையை அச்சடிக்க ஆர் காசு கட்டுவான்?

இன்னொரு கெட்டித்தனமும் உம்மட ஸ்பானிஷ்காரரிட்ட இருக்கு. ஆளின்ர குணத்துக்கு ஒரு வினை, இப்ப நிக்கிற நிலைக்கு வேறொரு வினை. "எஸ் லிஸ்தோ" எண்டால் ஆள் கெட்டிக்காரன். "எஸ்தா லிஸ்தோ" எண்டால் ஆள் வெளிக்கிட்டு ஆயத்தமா நிக்கிறான், அவ்வளவுதான். இனி ஆரும் மாப்பிள்ளை கெட்டிக்காரனோ எண்டு கேட்டா ரெண்டாவதைச் சொல்லும். பொய்யும் இல்லை, பழியும் இல்லை.

அது கிடக்க, உம்மட சாதகமும் ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கு. என்னட்டத்தான் விசாரிப்பினம். 'ஆனா'வை எந்தப் பக்கம் போடுறதெண்டு நான் இன்னும் யோசிக்கேல்லை. பின்னேரம் வரேக்க சைவக்கடையில நாலு உளுந்து வடை வாங்கிக்கொண்டு வாரும், ஆறுதலாக் கதைப்பம்.