புல்வெட்டும் மெஷினும் ஒரு தோட்டாவும்

ஹூஸ்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



"அந்த ஊரில் ஆளாளுக்குத் துப்பாக்கி வைத்திருக்கிறானாமே, ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தீர்கள். வாஸ்தவம்தான். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதாகி, சட்டத்தடை ஏதும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். போன சனிக்கிழமை தெருக்காரர் ஒருவர் வீட்டு பார்பிக்யூவில் நடந்தது நம் ஊர்ப் பட்டிமன்றமேதான். நடுவர் மட்டும் இல்லை.

யாரோ ஒருவருடைய கராஜிலிருந்து புல்வெட்டும் மெஷின் திருடு போன பேச்சு வந்தது. "நானாயிருந்தால் சுட்டிருப்பேன்" என்றார், இறைச்சி புரட்டிக்கொண்டிருந்தவர். ராத்திரியில் கன்னமிட்டு வருகிறவனைக் கொல்லும் அளவுக்கே தற்காப்புரிமை நம் நாட்டிலும் உண்டு என்று வக்கீல் குமாஸ்தாவான நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இங்கே அதற்கும் ஒருபடி மேல். இருட்டில் திருடிய பொருளோடு ஓடுகிறவனைக்கூடச் சுடலாம். பொருளை வேறு வழியில் மீட்க முடியாது என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும்.

இறைச்சி புரட்டியவர் உதாரணமும் வைத்திருந்தார். 2007-ல் பக்கத்து ஊரான பாசடீனாவில் ஒருவர், அண்டை வீட்டில் திருடிவிட்டு வந்த இருவரைச் சுட்டுக் கொன்றார். போனில் அவசர உதவி ஊழியர் "வெளியே போகாதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் போனார். மறு வருஷம் கிராண்ட் ஜூரி அவர்மேல் வழக்கே வேண்டாம் என்றுவிட்டது.

எதிர்வீட்டுப் பெரியவர் வாயைத் திறந்தது அப்போதுதான். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர். எங்கள் தெருவிலேயே அதிகத் துப்பாக்கி அவரிடம்தான். "மெஷினுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தரும். உன் வக்கீலுக்கு யார் தருவார்? செத்தவன் பதினாறு வயசுப் பையன் என்று காலையில் தெரிந்தால் தூக்கத்தை யார் தருவார்?" என்றார்.

இறைச்சிக்காரரின் காரில் ஒரு ஸ்டிக்கர் உண்டு: 'நாங்கள் போலீஸைக் கூப்பிடுவதில்லை' என்று எழுதி, கீழே துப்பாக்கிப் படம். பெரியவர் அதையும் விடவில்லை. "நாளைக்கு அரசு வக்கீல் ஜூரிக்கு முதலில் காட்டப்போவது இதைத்தான். அதற்குள் திருடன் படித்துவிட்டு, நீ வேலைக்குப் போன நேரத்தில் வந்து துப்பாக்கியையே தூக்கிக்கொண்டு போவான்."

அடுத்தது மானப் பிரச்சினை. பல வருஷங்களுக்கு முன்பு சிலர் துப்பாக்கியை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஸ்டார்பக்ஸில் காபி குடிக்கக் கிளம்பினார்கள். அதுவரை 'சட்டம் என்னவோ அதன்படி' என்றிருந்த கம்பெனி, 2013-ல் 'தயவுசெய்து துப்பாக்கியோடு வராதீர்கள்' என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது. "நம் எதிரிகளால் முடியாததை நம் ஆட்களே முடித்தார்கள்" என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "உரிமையைக் காட்டியே தீரவேண்டும்" என்றார் இறைச்சிக்காரர். காட்டிய உற்சாகத்தில் இறைச்சி கருகியது.

நான் கண்டது இதுதான், சித்தப்பா: சட்டம் எவ்வளவு தூரம் விடும் என்று அளந்துகொண்டே இருப்பவரிடம்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. பெரியவரோ துப்பாக்கிகளை இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, வாசலுக்கு விளக்கும் கேமராவும் போட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது, கவலை வேண்டாம். கொலு சுண்டலை மட்டும் இறைச்சிக்காரர் வீட்டுக்குப் பட்டப்பகலில், போன் பண்ணிவிட்டு, பாத்திரம் நன்றாகத் தெரியும்படி ஏந்திக்கொண்டு போய்க் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
அன்புள்ள
குமார்